ஏரிக்கு நடுவில் நாற்பத்திரண்டு வீடுகள்

அரசாங்கப் பதிவேட்டின்படி தேன்காரரின் வீடு ஏரிக்கு நடுவில், பன்னிரண்டு அடித் தண்ணீருக்கு மேல் இருந்தது. அவர் வீடு மட்டும் அல்ல. அக்கரையில் இருக்கிற நாற்பத்திரண்டு வீடுகளும் அதே இடத்தில், ஒரே புள்ளியில், ஒன்றின் தலைமேல் ஒன்றாக நின்றன.

இதில் யார்மீதும் தவறில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் வீடுகளை வரைபடத்தில் ஏற்றுவதற்காகத் தபால் துறை ஓர் அலுவலரை அனுப்பியது. மனிதர் கடமையில் குறை வைக்கவில்லை. நாற்பத்திரண்டு வாசலிலும் நின்று, இடத்தைக் குறித்துக்கொள்ளும் கை மிஷினின் பொத்தானை நாற்பத்திரண்டு தடவை அமுக்கினார். அக்கரையில் சிக்னல் கிடையாது. மிஷின் அத்தனையையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. சாயங்காலம் அவர் படகேறித் திரும்பியபோது, சரியாக நடு ஏரியில், சிக்னல் வந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று மிஷின் ஒரு தடவை பார்த்துக்கொண்டது. நாற்பத்திரண்டு வீடுகளையும் அங்கேயே இறக்கிவிட்டு, பணி நிறைவு என்று பச்சை விளக்கைக் காட்டியது. அலுவலருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

அதற்குப் பிறகு புது விதி வந்தது. எந்தத் தபாலையும் பெறுநரின் வீட்டிலிருந்து இருபது மீட்டருக்குள் நின்றுதான் ஒப்படைக்க வேண்டும். இருபத்தோராவது மீட்டரில் மிஷின் சிவப்பாகிவிடும்.

ஜனங்கள் சண்டை போட்டுப் பார்த்தார்கள், சலித்துப்போனார்கள், பழகிக்கொண்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணிக்கு இக்கரையிலிருந்து தபால்காரம்மா ஒரு படகில் புறப்படுவார். அக்கரையிலிருந்து பெறுநர்கள் மூன்று படகுகளில் வருவார்கள். நடுவில் சந்திப்பு. கண்ணாடி, மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் கைமாறின. ஒரு தடவை அக்கரையில் இருக்கிற ஓட்டுநர் ஒருவரின் சம்சாரத்துக்கு வந்த குக்கர் கை நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. வீட்டுக்கு இருபது மீட்டருக்குள் விழுந்ததால் ஒப்படைப்பு செல்லும் என்று பதில் வந்தது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கோடை வந்துதான் கெடுத்தது. ஏரி வற்றி, நடுவில் சேறு மட்டும் மிஞ்சியது. படகு ஓடத் தண்ணீர் இல்லை, கால் ஊன்றத் தரை இல்லை. ஆகவே சட்டப்படி நாற்பத்திரண்டு வீடுகளையும் யாரும் நெருங்க முடியவில்லை. தபாலெல்லாம் ஆபீஸ் ரேக்கில் தூங்கியது.

தேன்காரரிடம் ஒரு காலத்தில் ஆறு பெட்டித் தேனீ இருந்தது. அந்துப்பூச்சி ஐந்தைத் தின்றுவிட்டது. மிச்சமிருந்த ஒற்றைப் பெட்டியில், அடைச் சட்டத்தைத் தூக்கும்போது, அவர் கையாலேயே ராணி நசுங்கிப்போனாள். மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ராணி இல்லாத பெட்டியில் முட்டை இடுவதற்கு ஆள் இல்லை. வேலைக்காரத் தேனீக்கு ஆயுசு ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் பெட்டி கொஞ்சம் இலேசானது. தேன்காரர் தூரத்தில் இருந்த பண்ணை ஒன்றுக்குப் போன் செய்து புது ராணி கேட்டார். தீப்பெட்டி அளவு மரக்கூண்டு, ஒரு பக்கம் கம்பிவலை, உள்ளே ராணி, கூட ஆறு தோழிகள், வாசலை அடைத்துச் சர்க்கரைக் கட்டி. அதுதான் அவர்களுக்கு வழிச் சாப்பாடு.

"பத்து நாள் தாங்கும்" என்றார் பண்ணைக்காரர். "பதினோராவது நாள் என்னைக் கேக்காதீங்க."

நாலாம் நாள் பார்சல் தபாலாபீஸுக்கு வந்துவிட்டது. தபால்காரம்மா பால் வண்டியில் சொல்லியனுப்பினார். தேன்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் மிதித்து வந்தார்.

ஒரே அறை ஆபீஸ். கம்பி போட்ட கவுன்ட்டர், பின்னால் சுவரோடு அறை அறையாகத் தடுத்த மரரேக், அதன் பக்கத்தில் ஒரு ஜன்னல். கவுன்ட்டரில் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் போஸ்ட்மாஸ்டர்.

"சார், என் பார்சல் வந்திருக்காம்."

"வந்திருக்கு. அதோ, மூணாவது அறை."

காதைக் கொடுத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்டது. தேன்காரருக்கு உயிர் வந்தது.

"குடுங்க சார்."

"குடுக்கத்தானே உக்காந்திருக்கோம். நீங்க வீட்டுக்குப் போங்க. வாசல்ல கொண்டுவந்து குடுப்போம்."

"வீட்டுலேருந்துதானே சார் வரேன்."

போஸ்ட்மாஸ்டர் மிஷினைப் பார்த்தார். "அது எப்படி? உங்க வீடு ஏரிக்குள்ள காட்டுது. உங்க உடம்புல ஒரு சொட்டுச் சேறு இல்லையே."

"அது தப்புன்னு உங்களுக்கே தெரியும் சார். போன மாசம் என் வீட்டுக்கு வந்துதானே தேன் வாங்கிட்டுப் போனீங்க. நாற்காலி போட்டு உக்காந்தீங்களே."

"வந்தேன், உக்காந்தேன், நல்ல தேன். அது தனிப்பட்ட முறையில. தனிப்பட்ட முறையில உங்க வீடு எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆபீஸ் முறையில தெரியாது."

"உள்ள உயிர் இருக்கு சார்."

"மேலயே எழுதியிருக்காங்களே. அதனாலதான் அது மேல வேற பார்சல் எதையும் அடுக்கல."

ஓரமாக நின்ற தபால்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, முகவரி மாத்தச் சொல்லி மனு போடுங்க. கம்ப்யூட்டர்லயே போடலாம்."

போட்டார்கள். பதினோரு பக்கம். ஏற்கனவே உள்ள வீட்டைக் காலி செய்வதற்கான காரணம் என்ற கட்டத்தில் தேன்காரர், 'அங்கே வீடு இல்லை' என்று எழுதச் சொன்னார். அந்தப் பதிலைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. கொடுத்திருந்த பதில்களில் 'ஈரப்பதம்' என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உடனே போஸ்ட்மாஸ்டருக்குப் பின்னால் இருந்த அச்சு மிஷின் கரகரத்து ஓர் அட்டையைத் துப்பியது. அவர் அதை எழுத்து வெளியே தெரியாமல் மடித்து, உறையில் போட்டு, முத்திரை குத்தினார். என்ன வேகம் என்று தேன்காரர் வியந்து கையை நீட்டினார். போஸ்ட்மாஸ்டர் எழுந்து போய் உறையை மூன்றாவது அறையில், ராணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உறுதி அட்டை. இதுல ஆறு எண் இருக்கு. அதைச் சொன்னீங்கன்னா முகவரி மாறிடும்."

"அப்ப குடுங்க, சொல்லிடறேன்."

"பழைய முகவரிக்கு வரும். அங்க வாங்கிக்கணும். வேற யாராவது உங்க வீட்டை மாத்திட்டா என்ன பண்றது? உங்க பாதுகாப்புக்குத்தான்."

"பழைய முகவரின்னா?"

"ஏரி."

ஆறாம் நாள் மண்டல அதிகாரி வந்தார். வாசலில் துணி கட்டியிருந்தார்கள்: 'நூறு விழுக்காடு வாசல் சேவை.' கணக்கு நேர்மையானதுதான். ஆபீஸைவிட்டு வெளியே எடுத்துப் போகாத தபால் ஒப்படைக்கத் தவறிய தபாலாகாது. இரண்டு மாதமாக எதையும் எடுத்துப் போகவில்லை. எனவே எதுவும் தவறவில்லை. அதிகாரி மைக் முன்னால் நின்றார். எதிரே ஏழு பேர். அதில் நான்கு பேர் தபால் வந்திருக்கிறதா என்று கேட்க வந்தவர்கள்.

"முன்னெல்லாம் எப்படி இருந்தது?" என்று அதிகாரி கேட்டார். "தபால்காரருக்கு ஊரைத் தெரியும். ஊருக்குத் தபால்காரரைத் தெரியும். முகத்தைப் பார்த்தார், கடிதத்தைக் கொடுத்தார். எவ்வளவு பெரிய ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். முழுக்க முழுக்க நம்பிக்கையின் மேல் ஒரு துறை நடந்துகொண்டிருந்தது. அந்த இருண்ட காலத்தை ஒழித்துவிட்டோம். இன்று எங்கள் ஊழியருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தாலும் பயன்படுத்த முடியாது. கையை நீட்டி ஒரு பொருளைக் கொடுப்பது யாராலும் முடியும். கொடுக்காமல் இருப்பதற்குத்தான் ஓர் அமைப்பு வேண்டும்."

போஸ்ட்மாஸ்டர் கை தட்டினார். தேன்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, என் ராணி நாலு நாள்ல செத்துப்போயிடும்."

அதிகாரி பரிவோடு கேட்டுக்கொண்டார். பரிவு காட்டும் பயிற்சி சென்ற மாதம்தான் முடிந்திருந்தது. "உங்கள் வலி எங்கள் வலி. ஒரு முயற்சிகூட எடுக்காமல் இருப்பது சரியில்லை. நாளைக்கே ஒப்படைக்க முயற்சி எடுக்க உத்தரவிடுகிறேன்."

உத்தரவு ஒழுங்காக வந்தது. ஏழாம் நாள் காலை தபால்காரம்மா மிஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏரிக்குள் இறங்கினார். தேன்காரர் இரண்டு பலகைகளைச் சேற்றில் மாற்றி மாற்றிப் போட்டு வழி செய்தார். ஒரு பலகையில் நிற்பது, மற்றதைத் தூக்கி முன்னால் போடுவது. இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"இன்னும் எவ்வளவும்மா?"

"முப்பத்தெட்டு மீட்டர் அண்ணே."

அடுத்த பலகை வழுக்கிச் சேற்றுக்குள் முழுசாகப் போய்விட்டது. அதன் பின்னாலேயே தபால்காரம்மா இடுப்பு வரை போனார். கூண்டை மட்டும் தலைக்குமேல் பிடித்திருந்தார்.

"அசையாதம்மா. அசைஞ்சா இன்னும் இறங்கும்."

"நான் எங்க அசையறேன். என் செருப்பு போயிடுச்சு, அண்ணே. புதுச் செருப்பு."

"பேசாம இங்கயே குடுத்துடேன். யார் பாக்கறா?"

"மிஷின் பாக்குதே. சிவப்புல குடுத்தா அன்னிக்கே எனக்கு வேலை போயிடும். வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான் அண்ணே." தேன்காரர் கரையை நோக்கித் துண்டை வீசி ஆள் கூப்பிட்டார்.

கரையிலிருந்து நாலு பேர் பலகை போட்டு வந்து, கயிறு வீசி இழுத்தார்கள். கரையேறியதும் மிஷின் காரணம் கேட்டது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: வீடு பூட்டியிருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை, வாங்க மறுத்தார். சேறு என்று ஒன்று இல்லை. மறுத்தார் என்றால் பார்சல் பண்ணைக்கே திரும்பிவிடும். தபால்காரம்மா, பக்கத்தில் கழுத்து வரை சேறோடு நின்ற தேன்காரரை ஒரு தடவை பார்த்துவிட்டு, 'வீட்டில் ஆள் இல்லை' என்பதை அமுக்கினார்.

எட்டாம் நாள் மனைவி வாய் திறந்தாள். ராணி நசுங்கிய நாளுக்குப் பிறகு பெட்டியைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏங்க, ராணி இங்க வரக்கூடாதுன்னுதானே சட்டம்?"

"ஆமா."

"இவங்க அங்க போகக்கூடாதுன்னு இருக்கா?"

தேன்காரர் யோசித்தார். பதினோரு பக்க மனுவில் அப்படி எதுவும் இருந்ததாக நினைவில்லை.

"ஆபீஸ் ஜன்னல்கிட்ட பெட்டியை வெச்சா வாசனை புடிச்சுப் போவாங்க. வலை வழியா அவளுக்கு ஊட்டுவாங்க. மழை வர்ற வரைக்கும் உயிரோட இருந்தாப் போதும்ல. பேசாம எடுத்துட்டுப் போங்க. அடைச் சட்டத்தைத் தூக்காதீங்க, அப்படியே பெட்டியோட எடுங்க."

கடைசி வாக்கியம் தைத்தது. வாங்கிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் பெட்டி வாசலைத் துணியால் அடைத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். போஸ்ட்மாஸ்டரிடம் முறையாக அனுமதி கேட்டார்.

"ஜன்னலுக்கு வெளிப்பக்கம் எங்க பொறுப்புல வராது" என்றார் போஸ்ட்மாஸ்டர். "அது கட்டடத் துறை. எனக்கு ஆட்சேபணை இல்ல."

தேன்காரர் பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துத் துணியை எடுத்தார். முதலில் ஒன்றிரண்டு வெளியே வந்து வட்டமடித்தன. ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே போய் மூன்றாவது அறையில் உட்கார்ந்தது. அடுத்து பத்து, அப்புறம் நூறு. டோக்கன் வாங்காமல், அடையாள அட்டை காட்டாமல், முன்னனுமதி எதுவும் இல்லாமல் அந்த ஆபீஸில் காரியம் முடித்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

சாப்பிடக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார்கள் என்று தேன்காரர் காத்திருந்தார். ஒருத்தரும் வரவில்லை. மத்தியானத்துக்குள் பெட்டியில் வெறும் அடைகள்தான் மிச்சம். மூன்றாவது அறையில் கைமுட்டி அளவு கறுப்பாகத் திரண்டு, அது தேங்காய் அளவாகி, பூசணி அளவாகிவிட்டது. போஸ்ட்மாஸ்டர் மேஜையை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார்.

மூன்று நாளில் அவர்கள் பார்சல்மேல் சுற்றியிருந்த காகிதத்தைக் கடித்து, சர்க்கரைக் கட்டியைத் தின்று தீர்த்து, ராணியை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் அறைக்குள் நாலு அடை தொங்கியது. கம்பி வழியே எட்டிப் பார்த்த தேன்காரருக்கு அடையின் கண்ணறைகளுக்கு அடியில் வெள்ளை முட்டை தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கியது. ராணி பிழைத்துவிட்டாள், முட்டையும் இட்டுவிட்டாள். இனி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் பாக்கி.

"சார், பத்து நிமிஷ வேலை. புகை போட்டு, அடையை எடுத்துப் பெட்டியில கட்டிட்டுப் போயிடறேன். நீங்களும் நிம்மதியா உள்ள உக்காரலாம்."

"எனக்கு மட்டும் வெயில்ல உக்கார ஆசையா?" என்றார் மரத்தடியிலிருந்து போஸ்ட்மாஸ்டர். "பதிவு எடை நாப்பத்தஞ்சு கிராம். இப்ப எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டு கிலோ இருக்கும் சார்."

"பாத்தீங்களா. நாப்பத்தஞ்சு கிராம் வாங்கிட்டு ரெண்டு கிலோ குடுத்தா மிச்சத்துக்கு நான் எங்க போய் பதில் சொல்றது?"

"மிச்சம் என்னோட தேனீங்க சார். நான்தானே கொண்டுவந்தேன்."

"ஜன்னலுக்கு வெளிய கொண்டுவந்தீங்க. உள்ள அவங்களா வந்தாங்க. அனுப்புநர் பேர் இல்லாம, பெறுநர் பேர் இல்லாம ஆபீஸுக்குள்ள இருக்கிற எதுவும் உரிமை கோராத பொருள். ஒரு வருஷம் பத்திரமா வெச்சிருப்போம். அதுக்குள்ள தகுந்த அடையாளத்தோட வந்து கேளுங்க."

"ஒவ்வொண்ணும் ஆறு வாரம்தான் சார் உயிரோட இருக்கும்."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப சிக்கல் தானா தீந்துடுமே."

மண்டல அலுவலகத்துக்கு அறிக்கை போனது. சுற்றறிக்கை திரும்பி வந்தது: பொதுமக்கள் மட்டுமன்றிப் பிற உயிரினங்களும் துறையின் சேவையை நாடி வருவது பெருமைக்குரியது, மூன்றாவது அறையை யாரும் தொடக் கூடாது, தேன் எடுத்தால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

மழை பத்து நாள் அடித்தது. ஏரி நிரம்பியது. ஆபீஸ் ஓடு ஒழுகியதில் மூன்றாவது அறை மட்டும் நனையவில்லை, தேனீக்கள் மெழுகு பூசி அடைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நடு ஏரியில் நாலு படகுகள் சேர்ந்தன. இரண்டரை மாதத் தபால். எல்லாரும் முண்டியடித்ததில் படகுகள் ஆடின. தேன்காரர்தான் முதல் ஆள். தேனீக்கள் அறையிலிருந்து வெளியே தள்ளிவிட்டிருந்த உறுதி அட்டையைத் தபால்காரம்மா கொடுத்தார். தேன்காரர் முத்திரையைக் கிழித்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக அமுக்கினார். மிஷின் யோசித்தது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டது.

'நன்றி. உங்கள் புதிய முகவரி உறுதி செய்யப்பட்டது.'

வரைபடத்தில் நீலம். நடுவில் ஒரு புள்ளி. தபால்காரம்மா திரையைத் தேன்காரருக்குக் காட்டாமல் பிடிக்கப் பார்த்தார். அவர் ஏற்கனவே பார்த்துவிட்டார்.

"இன்னொண்ணு இருக்கு அண்ணே" என்று தபால்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்து எடுத்தார். தீப்பெட்டி அளவு மரக்கூண்டு. வாசல் திறந்து, உள்ளே காலியாக இருந்தது. "தரையில விழுந்து கிடந்துச்சு. சார் எடை போட்டாரு. மழையில ஊறினதுல சரியா நாப்பத்தஞ்சு கிராம் காட்டிடுச்சு. எடை சரியா இருக்கறதால குடுத்தே ஆகணும்னுட்டாரு. நான் என்ன அண்ணே பண்ணட்டும்?"

"நீ என்னம்மா பண்ணுவே" என்றார் தேன்காரர். கையெழுத்துப் போட்டார். மிஷின் பச்சையானது. உயிருள்ள பொருள், ஒன்று, பெறுநரிடம் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது.

அடுத்து ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. எங்கள் சேவை எப்படி இருந்தது? நாலுக்குக் கீழே போட்டால் புகார் பதிவாகும், விளக்கக் கடிதம் வந்து சேரும்வரை இதே முகவரியில் வேறு யாருக்கும் தபால் கிடையாது. இதே முகவரியில் நாற்பத்திரண்டு வீடுகள்.

"அண்ணே, சீக்கிரம் போடுங்க" என்று பின்னால் இருந்து ஓட்டுநர் சம்சாரம் கத்தினாள். "புள்ளைக்கு மருந்து வந்திருக்கு. இங்க படகுல தண்ணி வேற ஏறுது."

தேன்காரர் ஐந்து போட்டார்.

படகு விளிம்பில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. அவருடையதுதான், பார்த்தாலே தெரியும். குடித்து முடித்து, ஒரு வட்டம் அடித்து, இக்கரையில் இருந்த ஆபீஸை நோக்கி நேராகப் போனது.

அக்கரையில் மனைவி காலிப் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டுக் கரைக்கு வந்து நின்றிருந்தாள்.

"குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

தேன்காரர் மூடிய கையைத் திறக்கவில்லை.

"குடுத்துட்டாங்க" என்றார்.